பிரித்துப் பார்த்த பழி

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'எமன் டாக்டர்' என்று பெயர் வைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. லிஃப்ட்காரராக இருக்கலாம், எக்ஸ்ரே எடுப்பவராக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்வதற்குப் பசை தடவிக் கொடுத்தவர் யார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவர் நெஞ்சுநோய்ப் பிரிவின் தலைவர். அவருடைய வெள்ளைக் கோட்டில் ஒரு மடிப்புக் கலைந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிட உட்காரும்போதுகூடக் கோட்டைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிவிட்டுத்தான் உட்காருவார். நர்ஸ் முதல் கேன்டீன்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'இஸ்திரி'தான். முகத்துக்கு நேரே மட்டும் 'சார்'.

அவள் அப்போது கிழக்கு வார்டு டாக்டர். வேலைக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அந்த வருஷம் மழை பிசாசு மாதிரி அடித்தது. நிமோனியா காய்ச்சலில் வந்தவர்களுக்குக் கட்டில் போதவில்லை. கிழக்கு வார்டில்தான் கட்டிலுக்குக் கட்டில் ஆக்சிஜன் குழாய் உண்டு. அதனால் மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து வருகிறவர்களை அங்கே அனுப்பச் சொன்னவரும் இஸ்திரிதான். நடந்து வரக்கூடியவர்கள் பெரும்பாலும் மேற்கு வார்டுக்குப் போனார்கள்; கட்டில் நிரம்பினால் கொஞ்சம் பேர் இடம் மாறுவதும் உண்டு. ராப்பகல் பார்க்காமல் அவள் உழைத்தாள். இருந்தும் நிறையப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் பெரிய இடத்து ஆள்.

அதற்கப்புறம் யாருடைய தலையாவது உருண்டாக வேண்டும் அல்லவா? விசாரணைக் கூட்டம் கூடியது. இஸ்திரி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே படிங்க."

அவள் படித்தாள். கிழக்கு வார்டில் நூற்றுக்குப் பதினேழு பேர் சாவு. மேற்கு வார்டில் நூற்றுக்கு எட்டு.

"சத்தமா படிங்க. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

இன்னொரு தடவை படித்தாள். படித்துவிட்டு, "சார், என் வார்டுக்கு வந்தவங்க எந்த நிலைமையில வந்தாங்கன்னு பாக்கணும். நீங்கதானே..." என்று ஆரம்பித்தாள்.

"ரெண்டு வார்டுலயும் ஒரே நோய், ஒரே மருந்து" என்று அவர் குறுக்கே வெட்டினார். "வித்தியாசம் டாக்டர்தான். வேற என்ன இருக்கு?"

நோயாளிகளை அனுப்பும் ஏற்பாடு அவர் வாயால் சொன்னது. எழுத்தில் எதுவும் இல்லை. அவர் மறந்துபோனார் என்று நினைக்க அவளுக்கும் ஆசைதான். ஆனால் கூட்டம் முடிந்து எழுந்து போகும்போது அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஞாபகம் இல்லாதவன் எதற்குப் பார்வையைத் திருப்ப வேண்டும்? அங்கேதான் அவளுக்கு நெஞ்சில் தீ பிடித்தது.

இனி அவள் நோயாளிகளைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஊருக்கு வெளியே இருந்த தடுப்பூசிக் கிடங்குக்கு மாற்றினார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருப்பாள். விரல் விறைத்துப் போகும். நாடி பிடித்த விரல்.

தங்கச்சி வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். தங்கச்சி கீழே பியூட்டி பார்லர் நடத்தினாள். பேச்சில் எதிலும் ஒளிவுமறைவு கிடையாது.

"அக்கா, அந்தாள் வண்டி டயரைக் கிழிச்சிட்டு வரட்டுமா?"

"டயர் வேண்டாம்."

"வேற என்ன வேணும்?"

"அந்தாள் அதே மாதிரி ஒரு ரூம்ல உக்காந்து, அதே மாதிரி சத்தமா படிக்கணும்."

"அது நடக்கற காரியமா?"

"நடக்க வைப்பேன்."

சும்மா சொன்ன பேச்சு இல்லை அது. பொது சுகாதாரப் படிப்பில் சேர்ந்தாள். கிடங்கு வேலை முடிந்ததும் வகுப்பு. நோய் எங்கே, யாருக்கு, எதனால் வருகிறது என்று கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடும் படிப்பு. மற்றவர்கள் பதவி உயர்வுக்காகப் படித்தார்கள். அவள் வன்மத்தை ஊற்றிப் படித்தாள். வன்மம் நல்ல எரிபொருள். தூக்கம் வராது, பசி தெரியாது.

ஒருநாள் வகுப்பில் 'குழப்பக் காரணி' என்ற பாடம் வந்தது. அவள் பேனா அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நரைச்ச முடிக்காரங்க நிறையப் பேர் சாகறாங்க, கருப்பு முடிக்காரங்க கம்மியா சாகறாங்க. அப்ப டை அடிச்சிட்டா ஆயுசு கூடுமா?"

"அய்யய்யோ, இதை என் கஸ்டமர்ங்ககிட்ட சொல்லிடாதே! கூடும்னே நெனச்சிட்டுப் போகட்டும்."

"கூடாது இல்லியா? நரை கொல்லல, வயசு கொல்லுது. வயசு நரைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு. ஒரே வயசுக்காரங்களைத் தனித்தனியாப் பிரிச்சு வெச்சுப் பார்த்தா, நரைக்கும் சாவுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. என் வார்டும் அப்படித்தான்டி. நான் நரை."

பழைய வார்டுப் பதிவுகளைக் கேட்டு மனு மேல் மனுவாகப் போட்டாள். கடைசியில் கொடுத்தார்கள். மூச்சு முட்டி வந்தவர்களை ஒரு பக்கம், நடந்து வந்தவர்களை ஒரு பக்கம் பிரித்தாள். மூச்சு முட்டி வந்தவர்களில், இரண்டு வார்டிலும் ஐந்தில் ஒருவர் செத்திருந்தார். நடந்து வந்தவர்களில், இரண்டு வார்டிலும் இருபதில் ஒருவர். எந்த வார்டு என்பதால் இம்மியும் வித்தியாசம் இல்லை. அவளிடம் வந்த கூட்டத்தில் பெரும்பாலோர் முதல் வகை, அவ்வளவுதான். பிரித்ததும் பழி ஆவியாகிப் போனது.

எழுதி அனுப்பினாள். பல மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. மன்னிப்பு இல்லை, வருத்தம் இல்லை. இஸ்திரிக்கு ஃபோன் போட்டாள்.

"சார், பார்த்தீங்களா?"

"பார்த்தேன். அதான் முடிஞ்சு போச்சே. பழசைக் கிளறாதீங்க. உங்களுக்கும் நல்லதில்ல."

முடிந்து போச்சாம். அவள் ஃபோனை வைத்தாள். பழிவாங்க எதிரியின் வாயாலேயே அனுமதி கிடைத்த மாதிரி இருந்தது.

வருஷங்கள் ஓடின. கிடங்கிலிருந்து சுகாதாரத் துறையின் புள்ளியியல் பிரிவுக்கு வந்தாள். புது மருந்துகளை அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கலாமா என்று பார்க்கும் குழுவில் கணக்கைச் சோதிப்பது அவள் வேலை ஆனது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் அவளை 'எமகாதகி' என்றார்கள். எமன் போய் எமகாதகி வந்தாச்சு; முன்னேற்றம்தான் என்று தங்கச்சி சிரித்தாள்.

இஸ்திரியும் சும்மா இருக்கவில்லை. கடும் நிமோனியாவுக்கு ஒரு புது ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பேசினார். பல ஆஸ்பத்திரிகளில் அந்த ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு செய்திருந்தார். ஊசி அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. அதை அரசுப் பட்டியலில் சேர்க்க விண்ணப்பித்தார். விண்ணப்பம் நேராக அவள் மேஜைக்கு வந்தது.

முதல் வேலையாகக் குழுத் தலைவியிடம் போய்ச் சொன்னாள். தலைவி எதற்கும் பதறாத பெண்மணி.

"மேடம், எனக்கும் அவருக்கும் பழைய பகை இருக்கு. முன்னாடியே சொல்லிடறேன்."

"எவ்வளவு பழைய பகை?"

"ஆறாத பகை."

தலைவி விண்ணப்பத்தை ஒருமுறை புரட்டினார். "உங்க கணக்கு ஒவ்வொன்னையும் வெளி ஆள் ஒருத்தர் மறுபடி போட்டுப் பார்ப்பாரு. அப்புறம் அவருக்கும் தகவல் சொல்லிடறேன். வேண்டாம்னு அவர் சொன்னா நீங்க விலகிக்கணும்."

சொன்னார்கள். இஸ்திரி அலட்சியமாகச் சிரித்தாராம். "அந்தப் பொண்ணா? இருக்கட்டும், இருக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல." அந்தச் சிரிப்பைத் தலைவி சொல்லக் கேட்டபோது அவளுக்கு உள்ளுக்குள் தித்தித்தது.

முதல் நாளே கையில் அல்வா மாதிரி ஓர் எண் கிடைத்தது. ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு இருபது பேருக்குக் கொஞ்சம் குறைவாகச் செத்திருந்தார்கள். போடாதவர்களில் பதினொன்று. அன்று அவர் அவளை எப்படிக் கட்டிப்போட்டாரோ, அதே கயிறு. 'ஒரே நோய், வித்தியாசம் ஊசிதான்' என்று ஒரு வரி எழுதினால் போதும். பத்திரிகைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

"போட்டுத் தாக்கு அக்கா" என்றாள் தங்கச்சி. ஒரு வாடிக்கையாளரின் தலையில் டவல் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"மாட்டேன்."

"ஏன்? பாவம் பாக்கறியா?"

"பாவமா? அந்தாள் மேலயா? இது நிக்காதுடி. டாக்டருங்க அந்த ஊசியைக் கடைசி ஆயுதமா வெச்சிருந்திருக்காங்க. சிறுநீரகம் கெட்டுப்போய், இனி தேறாதுன்னு இருந்தவங்களுக்குத்தான் நிறையப் போட்டிருக்காங்க. நான் பிரிச்சுக் காட்டி வெளியே வந்த மாதிரியே அவரும் பிரிச்சுக் காட்டி வெளியே வந்துடுவாரு. நல்லவன்னு மாலை வேற விழும். பொய்ப் பழி போட்டு அவரை நல்லவனாக்க நான் என்ன பைத்தியமா?"

உண்மையில் இஸ்திரி அதைத் தன் அறிக்கையிலேயே செய்திருந்தார். 'சிறுநீரகக் கோளாறு ஒரு குழப்பக் காரணி. அதைச் சரிக்கட்டியபின் சாவு நூற்றுக்குப் பதினொன்றிலிருந்து ஒன்பதாகக் குறைகிறது' என்று எழுதியிருந்தார். அழகான ஒற்றை எண். மடிப்புக் கலையாத எண்.

அவள் அந்த மடிப்பைப் பிரித்தாள். பழக்கதோஷம். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்கள் ஒரு பக்கம், கெட்டவர்கள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதில் வந்தால் அவர் சொல்வது சரி. விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

வரவில்லை. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களில், ஊசி இல்லாமல் நூற்றுக்குப் பத்துப் பேர் செத்தார்கள்; ஊசி போட்டால் நான்கு. சிறுநீரகம் கெட்டவர்களில், ஊசி இல்லாமல் பதினைந்து. ஊசி போட்டால் முப்பது. ஒரு பக்கம் உயிர் கொடுத்த ஊசி, மறுபக்கம் உயிரைப் பறித்திருந்தது. மருந்தை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் வேலை செய்யாததால், அது ரத்தத்தில் தேங்கி இதயத்தின் துடிப்பைக் குலைத்திருக்க வேண்டும். ஒன்பது என்ற எண்ணில் அடங்குகிற ஒரு மனிதன்கூட அந்த ஆய்வில் இல்லை. நல்லதையும் கெட்டதையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கி, இஸ்திரி மேலே ஒரு தேய்ப்புத் தேய்த்திருந்தார்.

இதற்கு அவள் துறையில் 'விளைவு மாற்றம்' என்று பெயர். ஆள் மாறினால் மருந்தின் குணமே மாறுவது. அவள் தனி அறையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரிப்பு அடங்கியதும்தான் இன்னொன்று உறைத்தது. அந்த நான்கு. அவள் ஊசியைப் புதைக்க வந்தவள். அவர் பிள்ளையின் கழுத்தை நெரிக்க வந்தவள். அதைச் செய்தால், பிழைக்க வேண்டிய ஆறு பேரை ஒவ்வொரு நூற்றிலும் அவளே கொல்கிறாள். அப்புறம் எமன் டாக்டர் என்ற பெயர் பொருந்தியே போய்விடும். செய்யாவிட்டால், பாதி வெற்றியைத் தன் கையாலேயே எடுத்து அந்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் எரிந்து விழுந்துகொண்டே இருந்தாள். தங்கச்சியோடு வந்த சண்டையில் தட்டுகூட உடைந்தது.

"இப்ப என்னதான் உன் பிரச்சினை?" என்று தங்கச்சி கேட்டாள்.

"உன் டைல சில பேருக்கு அரிப்பு வருமே, அந்த மாதிரி. நிறையப் பேருக்குப் பளபளப்பு, கொஞ்சம் பேருக்கு முகமே வீங்கிடும். ரெண்டையும் கூட்டி வகுத்து 'சராசரியா பரவாயில்ல'ன்னு சொன்னா?"

"செருப்பால அடிப்பாங்க. காதுக்குப் பின்னால தடவிப் பாக்காம நான் யாருக்குமே போட மாட்டேன். அதுக்காக டையே வேண்டாம்னு கடையை மூடுவேனா?"

"அதான்டி என் வயித்தெரிச்சலே. மூட முடியல."

கடைசியில், ஊசிக்குப் பாதி வெற்றியைக் கொடுப்பது, அந்த ஆளுக்கு ஒன்றும் கொடுக்காமல் விடுவது என்று தீர்மானித்தாள்.

ஊசி பற்றிக் குழு விசாரித்த நாளன்று அறை நிறைய ஆட்கள். டாக்டர்கள், கம்பெனிக்காரர்கள், பின்வரிசையில் பத்திரிகைக்காரர்கள். இஸ்திரி கோட்டை நீவிக்கொண்டு உட்கார்ந்தார். முடி வெளுத்திருந்தது, மிடுக்கு குறையவில்லை. அவள் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். வெளி ஆள் மறுபடி போட்டுச் சரிபார்த்த எண்கள் அதில் இருந்தன.

"சார், சிறுநீரகம் கெட்டவங்களுக்கு ஊசி போட்டா எத்தனை பேர், போடலன்னா எத்தனை பேர்? படிங்க."

"மொத்தமா என் அறிக்கையில சொல்லிருக்கேனே."

"மொத்தம் வேண்டாம். தனியா."

அவர் முணுமுணுத்தார்.

"சத்தமா படிங்க சார். பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

அவருடைய கண் சட்டென்று அவள்மேல் வந்து நின்றது. ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஒரு நொடிக்காகத்தான் அத்தனை வருஷமும். அவர் படித்தார். முப்பது. பதினைந்து. அறையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"அது குழப்பக் காரணி" என்றார். குரல் ஏறியது. "அதைச் சரிக்கட்டிட்டோம். முதல் வருஷப் பிள்ளைங்களுக்குத் தெரியும்."

"குழப்பமும் இருந்தது, ஒத்துக்கறேன். நீங்க சரிக்கட்டினது தப்புன்னு சொல்லல. ஆனா வெறும் குழப்பமா இருந்தா, பிரிச்சதும் ரெண்டு பக்கமும் ஒரே பதில் வரணும். இங்க ஒரு பக்கம் பத்து நாலாகுது, இன்னொரு பக்கம் பதினஞ்சு முப்பதாகுது. குழப்பம் நம்ம ஒப்பீட்டுல இருக்கற அழுக்கு சார், அதைத் துடைக்கணும். இது மனுஷ உடம்புல இருக்கற உண்மை. இதைத் துடைக்கக் கூடாது, வெளியே சொல்லணும்."

அவர் கம்பெனிக்காரர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். ஒத்தை எண்ணா ஆக்கறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை என்றால் திறமையில்லாதவர். பார்த்தேன் என்றால் மறைத்தவர். இரண்டு கதவையும் அவளே பூட்டியிருந்தாள். அவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"பார்த்தோம். ஆனா கொஞ்சம் பேர்தானே, தற்செயலா இருக்கும்னு..."

"பார்த்த பிறகும் உங்க பிரிவுல அந்த மாதிரி நோயாளிங்களுக்கு ஊசி போட்டீங்களா?"

அவர் தாளை மடித்து ஓரமாகத் தள்ளினார். தலைவி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "பதில் பதிவாகணும் டாக்டர்" என்றார்.

"...போட்டோம்."

சிறுநீரகப் பரிசோதனை செய்து, நன்றாக உள்ளவர்களுக்கு மட்டும் ஊசி என்று குழு முடிவு செய்தது. மற்றவர்களுக்குத் தடை. மறைத்த குற்றத்துக்காக இஸ்திரியின் பிரிவுத் தலைவர் பதவி பறிபோனது. இனி ஆய்வு எதையும் நடத்தக் கூடாது என்றும் ஆனது.

நடைவழியில் அவர் அவளை நிறுத்தினார். கோட்டு கையில் கசங்கித் தொங்கியது.

"பழி வாங்கிட்டே."

"ஆமா சார்."

மறுப்பாள் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. தடுமாறினார். "விஞ்ஞானம்னு சொல்லிட்டு உள்ளுக்குள்ள இவ்வளவு வன்மமா?"

"வன்மம் என்னுது. எண் உங்களுது. ஒன்னோட ஒன்னைக் கலக்காதீங்க."

அவர் போனபின் அவள் கேன்டீனில் டீ வாங்கி, ஆற அமரக் குடித்தாள். அன்று நன்றாகத் தூங்கினாள். கனவில்கூட யாரும் வரவில்லை.

கொஞ்ச நாளில் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. நடந்தது நடந்துவிட்டது, மறுபடி வார்டுக்கு வருகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்கள். அவளுக்கு ஆசை பொங்கியது. ஒரு காலையில் போனாள். கட்டிலில் கிடந்த பெண்ணின் முதுகில் குழல் வைத்துக் கேட்டாள். ஏதோ கேட்டது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஊசி ஏற்ற நரம்பைத் தேடினாள். இரண்டு தடவை தவறிவிட்டது. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்ல டாக்டரம்மா, பாத்துப் போடுங்க" என்றாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஊசியை வாங்கி, ஒரே குத்தில் ஏற்றிவிட்டாள்.

அவள் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்தபோது அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்தான். பதவியைப் பிடுங்கியாகிவிட்டது, வாயால் படிக்க வைத்தாகிவிட்டது. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது இந்தக் கையை. இதற்கு எந்தக் குழுவில் போய் விசாரணை கேட்பது?

அடுத்த வாரம் தலைவி அவள் அறைக்கு வந்தார். "அவர் மேல்முறையீடு போட்டிருக்காரு. நீங்க வேணும்னா ஒதுங்கிக்கலாம். வேற ஆளைப் போடறேன்."

"ஒதுங்கறதா?" என்று அவள் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டாள். "அவருக்கு ஆட்சேபணை இல்லன்னா எனக்கும் இல்ல மேடம். கேட்டுச் சொல்லுங்க."